நோய் தொற்றிய பூனையைத் துரத்த வேண்டாம்

நெல்லைச் சேமித்து வைக்கும் வீட்டில் எலியை அடக்கப் பூனை வளர்ப்பது கமக்காரரின் நெடுநாள் வழக்கம். அப்பூனை மெலிந்து, வாய் புண்ணாகி, ஆறாத காயத்துடன் திரியுமாயின், மிருக வைத்தியர் அதன் இரத்தத்தைச் சோதித்து, பூனை நிர்ப்பீடனக் குறைபாட்டு வைரசு தொற்றியுள்ளதெனக் கூறக்கூடும். இதைக் கேட்டதும், பிள்ளைகளுக்கும் கால்நடைகளுக்கும் தீங்கு நேருமென அஞ்சி, பூனையைத் தொலைவிற் கொண்டுபோய் விடுவோர் உளர். அவ்வச்சம் ஆதாரமற்றது; அச்செயலோ நோயைப் பரப்புவது.

நோயின் இயல்பு

1986 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோனியா மாநிலத்துப் பெற்றலூமா என்னும் ஊரில் ஒன்றாக வளர்ந்த பூனைகளிடையே கண்ட நோயை ஆராய்ந்த நீல்ஸ் பீடர்சன், ஜனெற் யமமோற்றோ ஆகியோர் இவ்வைரசைக் கண்டறிந்தனர். இது நோயை எதிர்க்கும் வலிமையைச் சிறிது சிறிதாகக் குறைக்கும். மனிதர்க்கோ மாடு, ஆடு, நாய், கோழி ஆகியவற்றுக்கோ இது தொற்றாது. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனினும், தொற்றிய பூனை பல்லாண்டுகள் நோய்க்குறியின்றி வாழக்கூடும். நன்கு பராமரிக்கப்படுபவற்றுட் பல ஏனைய பூனைகளின் ஆயுளையே அடைகின்றன.

பரவும் விதம்

வைரசு உமிழ்நீரில் உளது. ஆழமான கடியினாலேயே பெரும்பாலும் பரவுகிறது. ஆகவே, வெளியே திரிந்து சண்டையிடும், நலமடிக்கப்படாத கடுவன்களிடமே இது மிகுதி. சண்டையிடாத பூனைகள் ஒரே வீட்டில் வாழ்வதாற் பரவுவது அரிது. உடலுக்கு வெளியே வைரசு விரைவில் அழியும். துரத்தப்பட்ட பூனையோ உணவுக்கும் இடத்துக்குமாகப் பிற பூனைகளுடன் சண்டையிட்டு அவற்றையுங் கடிக்கும்.

பராமரிப்பு

1. பூனைக்கு நலமடித்து, வீட்டினுள்ளே வைத்து வளர்த்தல் வேண்டும்.

2. சமைத்த உணவையே கொடுத்தல் வேண்டும். பச்சை இறைச்சியிலும் மீனிலுமுள்ள கிருமிகள் இப்பூனைக்கு மிகுந்த தீங்கு செய்யும்.

3. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மிருக வைத்தியரிடம் காட்டி, நிறை, பல், முரசு ஆகியவற்றைச் சோதிப்பித்தல் வேண்டும்.

4. காய்ச்சல், வயிற்றோட்டம், உண்ண மறுத்தல் கண்டால் தாமதித்தலாகாது.

எலி வேட்டையும் இப்பூனைக்கு ஏற்றதன்று. களஞ்சியத்தின் துவாரங்களை அடைத்தும், பொறி வைத்தும் எலியை அடக்குக. எலி நஞ்சு வைத்தால், நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனையும் மடியக்கூடும்.

விசர்நோய் இதனின் வேறானது. அது மனிதரைக் கொல்லும். எனவே எல்லாப் பூனைகளுக்கும் அதற்குரிய தடுப்பூசி போடுவித்தல் வேண்டும். எப்பூனை கடித்தாலுங் கீறினாலும், காயத்தை 15 நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

புதிதாக வளர்க்க எடுப்போர்

தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருள் குட்டியின் இரத்தத்தில் இருப்பதால், வைரசு இல்லாத குட்டியும் சோதனையில் தொற்றியதுபோலத் தோன்றலாம். ஆறு மாதத்தின்பின் மீண்டும் சோதிப்பிக்காமல் அதனைத் தள்ளிவிடலாகாது. வேறு பூனை இல்லாத வீட்டிலும், சாந்தமான பூனைகள் வாழும் வீட்டிலும் தொற்றிய பூனையை ஏற்று வளர்க்கலாம். வீட்டுப் பூனைகளுடன் சேர்க்குமுன் சில நாள் தனியறையில் வைத்துச் சிறிது சிறிதாகப் பழக்குதல் நன்று. சண்டை ஓயாதாயின் அவற்றைப் பிரித்தே வைத்தல் வேண்டும்.

களஞ்சியத்தைக் காத்த பூனைக்கு அதன் நோய்க்காலத்தில் ஒரு மூலையும் ஒரு பிடி சோறும் கொடுத்தல் எவ்வீட்டுக்கும் பாரமாகாது. அதனால் ஊரிலுள்ள ஏனைய பூனைகளும் காக்கப்படும்.