தூள் விலை இறங்கினால் யார் மேல் குறை?

"கொழும்பில வெல எறங்கிப்போச்சு, ஒங்க கொழுந்து சரியில்ல" என்ற பேச்சு மலையிலும் ஸ்டோரிலும் அடிக்கடி காதில் விழுகிறது. அன்பான தோட்ட மக்களே, அந்த விலை எப்படி வருகிறது என்பதை நாமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்துதான் ஒரு கிலோ தூளாகிறது. பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்று சலித்துப் பிரித்து கொழும்புக்கு ஏற்றுகிறார்கள். அங்கே தரகர் அதைத் தரகுக் கூலிக்கு விற்றுத் தருகிறார். வாங்கும் கம்பனிகளுக்கு முன்கூட்டியே மாதிரித் தூள் போகும். அவர்கள் சாயம் ஊற்றி, உறிஞ்சிப் பார்த்து, துப்பிவிட்டு (சீனி கிடையாது!) இவ்வளவு கொடுக்கலாம் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு ஏலத்தில் யார் கூடக் கேட்கிறாரோ அவருக்குத்தான் தூள். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம் வாராவாரம் நடக்கிறது. 2020இலிருந்து கணனி வழியாக.

முத்தின இலையும் காம்பும் கலந்தால் தூளில் நார் தெரியும், சாயம் இறங்கும். கொழுந்தைச் சாக்கில் அமுக்கித் திணித்தால் சூடேறிச் சிவந்துவிடும். இதெல்லாம் நம்ம கையில் உள்ளது. கங்காணி சத்தம் போடுவதில் நியாயம் உண்டு.

ஆனால் எல்லாம் நம்ம கையில் இல்லை. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை, டிம்புளப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்றடிக்கும்போது தூளில் வாசம் ஏறும். மழை மாதத்தில் அதே செடி, அதே கை, அந்த விலை வராது. 2017 டிசம்பரில் நம் நாட்டுச் சரக்கு ஒன்றில் வண்டு இருந்ததென்று ரஷ்யா இலங்கைத் தேயிலைக்கே தடை போட்டது. மாதக் கடைசியில் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அதற்குள் எத்தனை பேர் வயிற்றில் புளி கரைந்தது! 2022இல் ரூபா விழுந்தபோது ஏல விலை ரூபாக் கணக்கில் கிடுகிடுவென்று ஏறியது. கொழுந்து நன்றாக இருந்தா ஏறியது? 2021 உரத் தடைக்குப் பிறகு செடி வாடிக்கிடந்த காலம் அது.

ஏலம் முடிந்தால் தரகரிடமிருந்து தோட்டத்துக்கு ரிப்போர்ட் வரும். தூளின் குறை நிறையும் விலையும் அதில் இருக்கும். நம்ம தோட்டத்து விலை மட்டும் இறங்கி, பக்கத்துத் தோட்டங்களுடையது அப்படியே நின்றால், குறை கொழுந்திலோ ஸ்டோர் வேலையிலோ இருக்கிறது. எல்லாருக்கும் ஒன்றாக இறங்கியிருந்தால் அது சந்தை. தலைவர்மாரும் மாதர் சங்கத்தாரும் அடுத்த தடவை துரையைப் பார்க்கப் போகும்போது, அந்த ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.