அன்று ஜெயில், இன்று பிசினஸ்: அமெரிக்க கஞ்சா சந்தையில் ‘சமூகநீதி லைசென்ஸ்’ யாருக்குக் கிடைக்கிறது?

2011-ல் நியூயார்க் நகரில் மட்டும், சிறிதளவு கஞ்சா வைத்திருந்ததாக 50,000-க்கும் அதிகமான கைதுகள் நடந்தன. பிடிபட்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். இன்று அதே நகரில் 21 வயது நிரம்பிய யாரும் லைசென்ஸ் பெற்ற கடைக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, பில் போட்டு கஞ்சா வாங்கலாம்.

சரி, அன்று கைவிலங்கு மாட்டப்பட்டவர்களின் கதி? இந்தப் புதிய பிசினஸில் அவர்களுக்குப் பங்கு உண்டா? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பல அமெரிக்க மாநிலங்கள் ‘சோஷியல் ஈக்விட்டி’ திட்டங்களைக் கொண்டுவந்தன.

பாதிப்பு எவ்வளவு?

அமெரிக்க சிவில் உரிமைகள் ஒன்றியத்தின் 2020 அறிக்கைப்படி, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால், அதை வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.6 மடங்கு அதிகம். கைதோடு விஷயம் முடிவதில்லை. வேலைக்கு விண்ணப்பித்தால் பின்னணிச் சரிபார்ப்பில் அந்தப் பதிவு வந்து நிற்கும். வாடகை வீடு கிடைப்பதும் கஷ்டம்.

இது நம்ம ஊர் இடஒதுக்கீடு மாதிரியா?

நோக்கத்தில் நெருக்கம் உண்டு. வழிமுறை வேறு. அங்கே இனத்தை நேரடித் தகுதியாக வைத்தால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். மருத்துவ கஞ்சா லைசென்ஸில் 15% சிறுபான்மையினருக்கு என்ற ஒஹாயோ மாநில விதியை 2018-ல் ஒரு நீதிமன்றம் செல்லாது என்றது. அதனால் பல மாநிலங்கள் சுற்றுவழியில் போகின்றன. கைதுகள் அதிகம் நடந்த பகுதியில் வசித்தவரா, கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவரா, வருமானம் குறைவா என்று பார்க்கின்றன.

இதற்கு முன்னோடி கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரம். 2017-ல் லைசென்ஸ்களில் பாதியை இப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்கியது. நியூயார்க்கின் 2021 சட்டமும் 50% இலக்கு வைத்தது.

அப்புறம் எங்கே சிக்கல்?

முதலீட்டில். கஞ்சா மத்திய அரசின் 1970 சட்டத்தில் மிகக் கடுமையான பட்டியலில் வைக்கப்பட்டது. அதனால் மாநிலம் லைசென்ஸ் கொடுத்தாலும் பெரும்பாலான பேங்குகள் லோன் தரத் தயங்கின. சிறுதொழில்களுக்கான மத்திய அரசுக் கடனும் கிடையாது. வாடகை, சம்பளம் போன்ற செலவுகளைக்கூட வருமான வரியில் கழிக்க முடியாத நிலை பல ஆண்டுகள் நீடித்தது. சொந்தப் பணம் உள்ளவரால் இதைத் தாங்க முடியும். ஜெயிலுக்குப் போய் வந்தவர் எங்கே போவார்?

பணக்கார பார்ட்னரிடம்தான். ஓக்லாண்டில் புதியவருக்கு மூன்று ஆண்டுகள் 1,000 சதுர அடி இடத்தை வாடகையின்றித் தரும் நிறுவனங்களுக்கு லைசென்ஸில் முன்னுரிமை கிடைத்தது. நல்ல யோசனைதான். ஆனால் இப்படிப் பணக்காரரைச் சார்ந்திருக்கும் ஏற்பாடுகளில், பேப்பரில் ஒருவர் ஓனர், லாபமும் முடிவும் இன்னொருவர் கையில் என்ற நிலை வரலாம். நம்ம ஊரில் இதற்கு ‘பினாமி’ என்று பெயர்.

இல்லினாய்ஸ் சொல்லும் பாடம்

இங்கே விற்பனை தொடங்கியது 2020 ஜனவரி 1. முதலில் கடை திறந்தவர்கள், ஏற்கெனவே மருத்துவ கஞ்சா விற்ற நிறுவனங்கள். சமூகநீதி விண்ணப்பதாரர்களுக்கான 75 லைசென்ஸ்களுக்கு நூற்றுக்கணக்கானோர் போட்டியிட, முதல் சுற்றில் முழு மதிப்பெண் எடுத்து லாட்டரிக்குத் தகுதி பெற்றவர்கள் வெறும் 21 பேர். விதியில் ஓட்டையும் இருந்தது. பத்து முழுநேர ஊழியர்கள் இருந்து, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட பகுதிக்காரர்களாக இருந்தால் போதும், முதலாளி யாராக இருந்தாலும் அந்த நிறுவனம் ‘சமூகநீதி விண்ணப்பதாரர்’ ஆகிவிடும். வழக்குகள், புதிய லாட்டரிகள் என இழுத்தடித்து, இந்தப் பிரிவின் முதல் கடைகள் திறக்க 2022 இறுதி ஆகிவிட்டது. சந்தையைப் பிடிக்கப் பெரிய நிறுவனங்களுக்குக் கிடைத்த முன்னிலை, கிட்டத்தட்ட மூன்று வருடம்!

நியூயார்க் மாற்றி யோசித்ததா?

ஆமாம். சில்லறை விற்பனை லைசென்ஸ்களை முதலில் கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும்தான் கொடுத்தது. ஆனால், இரண்டு ஆண்டுகளாவது லாபகரமாகத் தொழில் நடத்திய அனுபவமும் கேட்டது. 2022 டிசம்பரில் முதல் கடை திறந்தது. 2023 ஆகஸ்டில், தங்களையும் சட்டம் முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருக்கிறதே என்று முன்னாள் ராணுவ வீரர்கள் வழக்குப் போட, நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தியது. சமரசம் ஏற்படச் சில மாதங்கள் ஆயின. லைசென்ஸ் வாங்கி, வாடகைக்குக் கடை பிடித்துக் காத்திருந்தவர்களின் சேமிப்பு கரைந்தது. பக்கத்துத் தெருவில் லைசென்ஸே இல்லாத கடைகள் ஜோராக ஓடின.

எதுவுமே பலிக்கவில்லையா?

பலித்தவையும் உண்டு. இல்லினாய்ஸ் அரசு 2020 முடிவதற்குள் ஏறத்தாழ 5 லட்சம் கைதுப் பதிவுகளை அழித்தது. கஞ்சா வரி வருவாயில் 25 சதவீதத்தைப் பாதிக்கப்பட்ட பகுதிகளின் மேம்பாட்டுக்கு ஒதுக்கியது. நியூயார்க் சட்டம் 40% ஒதுக்கச் சொல்கிறது. கவனியுங்கள், இந்த இரண்டுக்கும் பாதிக்கப்பட்டவர் கையில் முதலீடு இருக்கத் தேவையில்லை. எல்லோருக்கும் கடை வைக்கும் ஆசையும் இருக்காது. பலருக்குத் தேவை, பழைய கேஸ் குறுக்கே வராத ஒரு வேலை. லைசென்ஸ் கொடுப்பதாக இருந்தால், கூடவே கடனும் இடமும், பெரிய நிறுவனங்களுக்கு முன்பே கடை திறக்கும் வாய்ப்பும் வர வேண்டும். இல்லாவிட்டால் கையில் இருப்பது பேப்பர் மட்டுமே.

அமெரிக்காவில் படிக்கிறீர்களா, வேலை பார்க்கிறீர்களா?

அப்போ இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலம் அனுமதித்தாலும் குடியேற்ற விவகாரங்களில் செல்லுபடியாவது மத்திய சட்டம். கஞ்சா பயன்பாடும் சரி, அந்தத் துறையில் வேலையும் சரி, குடியுரிமை விண்ணப்பத்தைப் பாதிக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. எச்-1பி, மாணவர் விசா, கிரீன் கார்டு எதுவாக இருந்தாலும் எச்சரிக்கை தேவை. ‘கடையில் பில் போட்டுத்தானே வாங்கினேன்’ என்ற பதில் அங்கே எடுபடாது. இந்தியாவிலோ 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பது இன்றும் குற்றம்தான்.