ஒன்றை மட்டும் மாற்றுக



கல்லூரியில் பயிலும் என் தங்கை மகன் சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் தன் கையாலேயே ஒரு கணினியை அமைத்தான். அண்டை வீட்டுச் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓராண்டாகச் சேர்த்த பணம் அதற்குச் செலவாயிற்று. மதர்போர்டு, பிராசஸர், இரண்டு ரேம் பட்டைகள், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ். என ஒவ்வொன்றாக வாங்கி, விளக்கக் குறிப்பைப் பலமுறை படித்துப் பொருத்தினான். பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன. திரையில் எழுத்துகள் தோன்றின. ஆனால் விண்டோஸ் இயங்குதளத்தை நிறுவத் தொடங்கிய சில நிமிடங்களில் திரை இருண்டது. கணினி தானாகவே முதலிலிருந்து தொடங்கிற்று. ஒருமுறை நூற்றுக்கு 20 பங்கு முடிந்த நிலையில் நின்றது, மற்றொரு முறை 63, பிறகு 41.

கடைக்காரரிடம் சென்று கேட்டான். "பாகங்களில் குறை இல்லை; நீ பூட்டியதில்தான் தவறு" என்று அவர் கூறிவிட்டார். அவன் என்னிடம் வந்து, "மாமா, இந்த வேலை எனக்கு வராது போலிருக்கிறது" என்றான். பணம் போனதைவிட, தான் எதற்கும் உதவாதவன் என்று அவன் எண்ணத் தொடங்கியதே எனக்கு வருத்தத்தை அளித்தது. தவறு அவனுடையதுதானா என்பதை ஆராய்ந்தபின் முடிவு செய்வோம் என்று சொல்லி, ஒரு குறிப்பேட்டுடன் அவனருகே அமர்ந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நிறுவும்போது கணினி மீண்டும் தொடங்குவதெல்லாம் நோய் அன்று. விண்டோஸைப் பொறுத்தவரை, கோப்புகளைப் படி எடுத்து முடித்தபின், முன்னறிவிப்புத் தந்து அது தானே மறுமுறை தொடங்கும். அப்பொழுது நிறுவுவதற்குரிய பென் டிரைவ் முதலிடத்தில் இருந்தால், சில வேளைகளில் அதனையே மீண்டும் படித்துப் பழைய முதல் திரைக்கே வந்து நிற்கும். பென் டிரைவை எடுத்துவிட்டாலோ, பயாஸ் அமைப்பில் எஸ்.எஸ்.டி.யை முதலாவதாக வைத்தாலோ அது சரியாகிவிடும். எங்கள் கணினியோ அறிவிப்பின்றி, வேலையின் நடுவே, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தது. எனவே இது வேறு வகை.

பயாஸ் திரையில் ஒரு மணி நேரம் அமைதியாக இருந்த கணினி, நிறுவும்போது மட்டும் விழுவது ஏன்? பயாஸ் திரையில் அதற்கு வேலை மிகக் குறைவு. நிறுவும்போதோ, சுருக்கி வைக்கப்பட்ட பெருங்கோப்பு ஒன்றை நினைவகத்தில் விரித்து, எஸ்.எஸ்.டி.யில் எழுத வேண்டியிருக்கிறது. பிராசஸர், ரேம், எஸ்.எம்.பி.எஸ். ஆகிய யாவும் ஒருங்கே உழைக்கின்றன. பலவீனமான உறுப்பு எதுவோ அது அப்பொழுதுதான் வெளிப்படும். எய்தவன் இருக்க அம்பை நோவதுபோல, இயங்குதளத்தைக் குறை கூறுவதில் பயனில்லை. மின்சாரம், வெப்பம், நினைவகம் என்னும் மூன்றையும் முதலில் ஐயுற வேண்டும்.

மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. 12 வோல்ட் என்பது 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். மின்னழுத்தங்கள் செம்மையாக உள்ளன என்று தெரிவிக்கும் ஒரு குறிப்பையும் அது மதர்போர்டுக்கு இடைவிடாமல் அனுப்புகிறது. அக்குறிப்பு கணநேரம் அற்றுப்போனாலும் கணினி மறுமுறை தொடங்கிவிடும். பெட்டியின் முகப்பிலுள்ள ரீசெட் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டாலும் இவ்வாறே நிகழும். ஆதலால் அதன் கம்பியைக் கழற்றிப் பார்த்தோம். பயனில்லை, மீண்டும் மாட்டினோம். பிறகு நண்பன் ஒருவனிடமிருந்து, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். அப்பொழுதும் கணினி விழுந்தது. பழையதையே திரும்ப மாட்டினோம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள்ளே ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கக் கூடும்.

அடுத்து வெப்பம். பிராசஸரின் மேல் அமரும் குளிர்விப்பானின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டிவிடுவோர் உண்டு. வெப்பம் கடத்தும் பசையைத் தடவ மறப்போரும் உண்டு. இவன் இரண்டையும் செம்மையாகச் செய்திருந்தான். மேலும், வெப்பத்தால் வரும் கோளாற்றுக்கு ஓர் அடையாளம் உண்டு: இளைப்பாறிய கணினி நெடுநேரம் தாங்கும், சூடான கணினி விரைவில் விழும். எங்கள் குறிப்பேட்டில் இருந்ததோ நேர்மாறானது. இரவெல்லாம் அணைந்திருந்தபின் காலையில் 4 நிமிடம் தாங்கிற்று. உடனே மறுபடியும் முயன்றபோது 9 நிமிடம் தாங்கிற்று. வெப்பத்தின் மேலிருந்த ஐயம் நீங்கிற்று.

எஞ்சியது நினைவகம். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில், ஒவ்வோர் எட்டு பிட்டுகளுக்கும் காவலாக ஒன்பதாவது பிட் ஒன்று இருந்தது. நினைவகத்தில் பிழை கண்டால் கணினி அதனைத் திரையில் அறிவித்து நின்றுவிடும். இன்று வீட்டுக் கணினிகள் பெரும்பாலானவற்றில் அத்தகைய முழுக்காவல் இல்லை. பிழையான ஒரு பிட், சரியானதைப் போலவே பிராசஸரைச் சென்றடையும். அது படத்தின் ஒரு புள்ளியாயின் நமக்குத் தெரியாது. கட்டளையாயின் கணினி நிலைகுலைந்து மறுமுறை தொடங்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் ரேம் டி.டி.ஆர்.4 வகையைச் சேர்ந்தது. உறையின்மேல் 3600 என்னும் வேகம் அச்சிட்டிருந்தது. எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பைப் பயாஸில் இயக்கினால்தான் அவ்வேகம் கிட்டும். ஆனால் பிராசஸருக்கு அதன் உற்பத்தியாளர் உறுதி கூறும் வேகம் அதனினும் குறைவு. என் மருமகன் உறையைப் பார்த்து அதனை இயக்கியிருந்தான். அதனை நீக்கிவிட்டு நிறுவினோம். நூற்றுக்கு 88 வரை சென்று, பின் விழுந்தது. "ஏறத்தாழச் சரியாகிவிட்டது மாமா!" என்றான். நோய் குறைந்ததே அன்றித் தீரவில்லை என்றேன்.

பிறகு மெம்டெஸ்ட் 86+ என்னும் இலவசச் சோதனை நிரலைப் பென் டிரைவில் ஏற்றி இயக்கினோம். அது இயங்குதளம் எதுவுமின்றித் தானே ஓடி, நினைவகத்தின் இடங்களில் எழுதிப் படித்துச் சரிபார்க்கும். ஆகவே அது பிழை காட்டினால், விண்டோஸின் மேலோ எஸ்.எஸ்.டி.யின் மேலோ பழி சொல்ல இடமில்லை. மின்னிணைப்பை நீக்கி, ஒரு பட்டையை எடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் வைத்துச் சோதித்தோம். முதற் பட்டை இரண்டாம் துளையில்: பிழை இல்லை. அதே துளையில் மற்றப் பட்டை: பிழைகள் பல. அம்மற்றப் பட்டையையே நான்காம் துளைக்கு மாற்றினோம்: அங்கும் பிழைகள். முதற் பட்டை நான்காம் துளையில்: பிழை இல்லை.

இந்நான்கு வரிகளையும் எண்ணிப் பாருங்கள். துளைகள் இரண்டும் நல்லவை. இல்லையேல் முதற் பட்டை எங்கேனும் தவறியிருக்கும். மற்றப் பட்டை எங்கு வைத்தாலும் தவறுகிறது. குற்றம் அதனுடையதே. பூட்டியவன் குற்றமற்றவன்.

அவன் அந்த நான்கு வரிகளையும் ஒரு தாளில் எழுதிப் பட்டையுடன் கடைக்கு எடுத்துச் சென்றான். கடைக்காரர் படித்தார், தம் கணினியில் அப்பட்டையை ஒருமுறை சோதித்தார், மறுப்பேதுமின்றிப் புதியது தந்தார். அன்றிரவு முழுவதும் புதிய பட்டையைச் சோதித்து, ஒரு பிழையும் இல்லை என்று கண்டபின், மறுநாள் காலை விண்டோஸை நிறுவினான். அது முன்னறிவித்த இடங்களில் மட்டும் மறுமுறை தொடங்கி, இனிது நிறைவேறிற்று. பழுதான பட்டையோடு எப்படியோ ஒருமுறை நிறுவி முடித்திருந்தால் என்னவாகியிருக்கும்? அவன் கல்லூரிக்கு எழுதும் ஒவ்வொரு கோப்பும் அந்தப் பட்டையின் வழியாகவே சென்று, அவனறியாமல் சிதைந்திருக்கக் கூடும்.

என்னிடம் வருமுன் ஒருநாள் இரவு அவன் பென் டிரைவை மாற்றி, ரேமைத் துளை மாற்றி, பயாஸ் அமைப்பையும் மாற்றி, மூன்றையும் ஒருசேரச் செய்து பார்த்தானாம். கணினி சிறிது கூடுதலாகத் தாங்கியதாம். எதனால் என்று அவனால் சொல்ல முடியவில்லை. பயாஸையே புதுப்பிக்கவும் எண்ணினானாம். நல்லவேளை, செய்யவில்லை, புதுப்பிக்கும் நடுவே கணினி விழுந்திருந்தால் மதர்போர்டே பயனற்றுப் போயிருக்கலாம்.

நீங்கள் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலைத் தொங்கவிட்டு அலைவுநேரம் காண்கிறீர்கள். நூலின் நீளத்தை மாற்றும்போது குண்டை மாற்றுவதில்லை. குண்டை மாற்றும்போது நீளத்தை மாற்றுவதில்லை. ஒன்றை மட்டும் மாற்றி, கண்டதை எழுதி, பழைய நிலைக்குத் திரும்பி, பிறகு அடுத்ததை மாற்றுகிறீர்கள். மதிப்பெண்ணுக்காகக் கற்ற அந்த முறைதான், ஒரு மாணவன்மேல் விழுந்த பழியை நான்கு வரிகளில் நீக்கியது.