வெப்பமாகி வீணாகும் மின்சாரம்
2022ஆம் ஆண்டில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முச்சக்கர வண்டிச் சாரதிகள் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் காத்து நின்றதை மறந்துவிட முடியாது. மின்கலத்தில் ஓடும் வண்டி அதற்கொரு மாற்று வழி. ஆயினும் பெரிய மின்கலம் மட்டும் போதாது. மின்னழுத்தத்தை மாற்றும் சுற்றும் திறனுடையதாக இருத்தல் வேண்டும்.

கைபேசிக்கு மின்னேற்றுவதையே எடுத்துக்கொள்வோம். 12 வோல்ற்று மின்கலத்திலிருந்து 5 வோல்ற்றில் ஓர் அம்பியர் பெறுவதற்கு, பழைய முறைச் சுற்று 12 வாற்றை எடுத்து 7 வாற்றை வெப்பமாக்குகின்றது. விநாடிக்குப் பல்லாயிரம் தடவை மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஆளிமுறைச் சுற்றில் இழப்பு ஒரு வாற்றுக்கும் குறைவாக அமையலாம். வெப்பம் தணிவதால் கருவியும் சிறுக்கின்றது.

மோட்டாரை இயக்கும் சுற்றிலும் இழப்பு இழப்பே. அது வண்டி ஓடும் தூரத்தையும் சாரதியின் அன்றாட வருவாயையும் குறைக்கும். ஆகவே வாங்குவோர் மின்கலத்தின் விலையோடு சுற்றின் திறனையும் கேட்டறிதல் அவசியமாகும்.