பல்கருவி இணையச் செயலித் தளங்களும் தமிழ்த் தரவுகளின் நிலைபேறும்: ஜாவாஎஃப்எக்ஸை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கணினி, உலாவி, கைப்பேசி ஆகிய அனைத்திலும் இயங்கும் வளமான செயலிகளை உருவாக்கும் நோக்குடன் எழுந்த மென்பொருள் தளங்களுள் ஜாவாஎஃப்எக்ஸ் குறிப்பிடத்தக்கது. அதன் தோற்றம், இயங்குமுறை, மாற்றங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அத்தகைய தளங்களில் தமிழ் எழுத்து எவ்வாறு கையாளப்படுகிறது என்பதையும், கள ஆய்வுத் தரவுகளைத் தளத்தின் மாற்றங்களிலிருந்து காக்கும் வழிகளையும் ஆர்.எஸ்.மங்கலம் பகுதியின் கண்மாய்ச் சொற்களைச் சான்றாகக் கொண்டு எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஜாவாஎஃப்எக்ஸ், ஒருங்குறி, எழுத்துரு, கள ஆய்வு, கண்மாய்ச் சொற்கள், தரவுப் பாதுகாப்பு.

முன்னுரை

இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆர்.எஸ்.மங்கலம் எனப்படும் இராஜசிங்கமங்கலம், தன் பெரிய கண்மாயால் அறியப்படும் ஊராகும். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று மக்கள் வழக்கில் அது சுட்டப்படுகிறது. மடை, கலுங்கு, நீர்க்கட்டி, குடிமராமத்து என நீர் மேலாண்மை சார்ந்த சொற்கள் இப்பகுதி உழவரிடையே வழங்குகின்றன. இச்சொற்களைத் தொகுக்க முற்படும் ஆய்வாளருக்கு எழுத்து வடிவம் மட்டும் போதாது. ஒலிப்பு, ஒளிப்படம், இடக்குறிப்பு, பேசுவோரின் விளக்கம் ஆகியனவும் வேண்டும். கண்மாய்க்கரையில் கைப்பேசியில் பதிந்ததைப் பல்கலைக்கழகக் கணினியில் பகுத்துப் பார்க்கவும் இயலவேண்டும். இத்தேவையை நிறைவு செய்வதாக உறுதியளித்தவையே பல்கருவி இணையச் செயலித் தளங்களாகும்.

ஜாவாஎஃப்எக்ஸ்: தோற்றமும் இயங்குமுறையும்

சீபியாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய கிறிஸ் ஆலிவர் 'எஃப்3' என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். 2005இல் அந்நிறுவனத்தைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. எஃப்3 மொழி ஜாவாஎஃப்எக்ஸ் என்னும் பெயருடன் 2007 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டு, 2008 டிசம்பரில் முதல் பதிப்பாக வெளிவந்தது. அடோபியின் ஃபிளாஷ், மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் ஆகியன அப்போது இதற்குப் போட்டியாக இருந்தன.

இத்தளத்தின் அடிப்படை ஜாவா மெய்நிகர் எந்திரம் ஆகும். நிரலாளர் எழுதும் நிரல் இடைநிலைக் குறியீடாக மாற்றப்படுகிறது. அதனை அந்தந்தக் கருவியிலுள்ள மெய்நிகர் எந்திரம் இயக்குகிறது. எனவே, கருவிதோறும் தனித்தனியாக நிரல் எழுதவேண்டிய தேவை குறைகிறது. திரையில் தோன்றும் பொத்தான், படம், உரை ஆகிய அனைத்தும் கிளைவிட்ட மரம் போன்ற 'காட்சி வரைபடம்' என்னும் அமைப்பில் அடுக்கப்படுகின்றன. ஒரு மதிப்பு மாறினால் அதனுடன் பிணைக்கப்பட்ட திரைக்கூறும் தானாகவே மாறும்.

தளத்தின் மாற்றங்கள்

சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010இல் கையகப்படுத்திய பின்னர், 2011இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் ஜாவாஎஃப்எக்ஸ் ஸ்கிரிப்ட் என்னும் தனிமொழி கைவிடப்பட்டது. அம்மொழியில் எழுதப்பட்ட செயலிகளைப் புதிய பதிப்பிற்காக மீண்டும் எழுதவேண்டியதாயிற்று. 2015இல் குரோம் உலாவி பழைய செருகுநிரல் முறையை முற்றிலும் நீக்கியதால், உலாவிக்குள் ஜாவா இயங்கும் வழி அதில் அடைபட்டது. 2018இல் வெளிவந்த ஆரக்கிளின் ஜாவா 11 தொகுப்பில் ஜாவாஎஃப்எக்ஸ் இடம்பெறவில்லை. இன்று அது ஓப்பன்ஜேஎஃப்எக்ஸ் என்னும் திறந்தமூலத் திட்டமாகத் தொடர்கிறது.

போட்டித் தளங்களின் நிலையும் வேறன்று. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடனும், சில்வர்லைட்டுக்கான ஆதரவு 2021 அக்டோபரிலும் முடிவுக்கு வந்தன. ஃபிளாஷ் கோப்புகளுக்குள் மட்டுமே அடைக்கப்பட்டிருந்த பாடங்களும் அசைவூட்டங்களும் வழக்கமான உலாவிகளில் திறக்க இயலாதவை ஆயின.

தமிழ் எழுத்தும் தளங்களும்

இத்தளங்களில் தமிழுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருங்குறியில் 'மடை' என்னும் சொல் ம, ட, ஐகாரக்குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையிலோ ஐகாரக்குறி டகரத்திற்கு முன்னால் தோன்றவேண்டும். 'கொள்ளளவு' என்பதில் ஒகரக்குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கவேண்டும். 'கலுங்கு' என்பதில் உகரக்குறி மெய்யுடன் கலந்து புதுவடிவம் பெறவேண்டும். சேமிப்பு வரிசையைக் காட்சி வரிசையாக மாற்றும் இப்பணியை எழுத்து வடிவமைப்புப் பொறி செய்கிறது. அப்பொறி இல்லாத தளத்தில் குறிகள் இடம்மாறி நிற்கும்.

ஃபிளாஷில் இதற்கான புதிய உரைப்பொறி 2008இல் வந்த பத்தாம் பதிப்பிலேயே சேர்ந்தது. ஜாவாஎஃப்எக்ஸில் இந்தி, தாய் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவு 2014இல் வெளிவந்த எட்டாம் பதிப்பில் அறிவிக்கப்பட்டது. தளங்கள் எழுந்த காலத்திற்கும் அவை இத்தகைய எழுத்துமுறைகளுக்கு ஏற்றனவாக அமைந்த காலத்திற்கும் இடையே ஆண்டுகள் கடந்துள்ளமை இதனால் புலனாகிறது.

தேடலிலும் கவனம் தேவை. ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும், எகரக்குறியும் கால்குறியும் இணைந்த இரு குறியீடுகளாகவும் பதிய இயலும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் இயல்பாக்கம் செய்யப்படாத தரவில் ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது போகலாம். கண்மாய்ச் சொல்லகராதியில் 'கொள்ளளவு' இருந்தும் இல்லாததாகத் தோன்றுவதற்கு இதுவே காரணமாகலாம்.

ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க வழிகள்

மேற்கூறியவற்றிலிருந்து, தளம் வேறு, தரவு வேறு என்னும் தெளிவு இன்றியமையாதது என்பது பெறப்படுகிறது. அதற்கேற்பப் பின்வருவனவற்றைப் பரிந்துரைக்கலாம்.

1. சொற்பதிவுகளை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் எக்ஸ்எம்எல் அல்லது சிஎஸ்வி போன்ற திறந்த வடிவில் சேமித்தல் வேண்டும். எளிய உரைக்கோப்பாகவும் அவற்றைத் திறந்து படிக்க இயலும்.

2. ஒலியையும் படத்தையும் செயலிக்குள் புதைக்காமல் தனிக்கோப்புகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நிலையான எண் வழங்குதல் வேண்டும்.

3. தரவைச் சேமிக்கும்போதே ஒருங்குறி இயல்பாக்கம் செய்தல் வேண்டும்.

4. செயலியுடன் தமிழ் எழுத்துருவையும் இணைத்து வழங்குதல் நலம். கருவியில் எழுத்துரு இல்லாத நிலையிலும் உரை சிதையாது.

5. களச்செயலிக்கு இணையத் தரங்களின் அடிப்படையிலான வடிவத்தை முதலில் கருதலாம். எச்டிஎம்எல்5 2014இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாயிற்று. இணைப்பு இல்லாத இடத்திலும் பதிவைச் சேமித்துப் பின்னர் அனுப்பும் வசதியை இன்றைய உலாவிகள் தருகின்றன. கண்மாய்க்கரைப் பணிக்கு இது பொருந்தும். கணினியில் நிகழும் விரிவான பகுப்பாய்வுக்கு ஜாவாஎஃப்எக்ஸ் இன்றும் ஏற்றதே.

முடிவுரை

எங்கும் இயங்கும் என்னும் உறுதியுடன் எழுந்த தளங்கள் கால் நூற்றாண்டுக்குள் மறைந்தோ உருமாறியோ போயின. ஒரு முனைவர் பட்ட ஆய்வின் பதிவுகளோ அதனினும் நெடுங்காலம் பயன்படவேண்டியவை. மடையின் பெயரையும் அதன் முறைப்பங்கீட்டையும் சொல்லத் தெரிந்த முதியவரிடம் பெற்ற ஒலிப்பதிவை மீண்டும் பெற இயலாது போகலாம். செயலியை மீண்டும் எழுதிவிடலாம். ஆதலின், செயலியைத் தேர்வதற்கு முன்னர்த் தரவின் வடிவத்தை முடிவு செய்தல் தமிழ்க் கள ஆய்வின் முதற்கடமை எனலாம். ஆய்வேட்டுடன் மூலத்தரவையும் திறந்த வடிவில் ஒப்படைக்கும் நடைமுறையைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளுமாயின், பின்வரும் ஆய்வாளருக்கு அது பெரிதும் துணைபுரியும்.