பழைய ஹெரால்டுக்கு டிஸ்க் பிரேக் போடலாமா? ஏற்காடு இறக்கம் சொல்லும் கணக்கு

பழைய கார் வாங்கிப் புதுப்பித்து ஓட்டுவது இப்போது ஐ.டி. ஆட்களிடமும் பரவிவிட்ட ஆசை. பெயிண்ட், சீட், குரோமியம் பம்பர் எல்லாம் பளபளவென்று முடிந்ததும் முதல் லாங் டிரைவ் எங்கே? சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் ஏற்காடுதான். ஏறுவதில் பிரச்சினை இல்லை. இன்ஜின் சூடானால் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஒரு டீ குடிக்கலாம். இறங்கும்போதுதான் விஷயமே. வாழவந்தி மாதிரி சேர்வராயன் மலை மேல் இருக்கும் ஊர்களிலிருந்து சமவெளிக்கு வர, ஒன்று அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பனூர் சாலையைப் பிடிக்க வேண்டும். இரண்டுமே மலைச் சாலைதான்.

அங்கே பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவதை அனுபவித்தவர்கள் ஊருக்குத் திரும்பியதும் மெக்கானிக்கிடம் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணே, இதுக்கு மாருதி டிஸ்க் மாட்ட முடியுமா?"

முடியும். ஆனால் எந்த டிஸ்க், எதோடு சேர்த்து என்பதில்தான் உயிர் இருக்கிறது. நம்ம சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வைத்து இதைப் பார்ப்போம்.

ஹெரால்டுக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கலோட்டி. சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் அதை இங்கே தயாரித்தது. குடும்பக் கார்தான். ஆனால் அடியில் இருக்கும் சேஸியைச் சுருக்கித்தான் 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. அதே வழியில் ஆறு சிலிண்டர் விடெஸ், பிறகு 1966-இல் ஜிடி6. எல்லாம் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள்.

இந்த உறவுமுறைதான் இங்கே முக்கியம். ஹெரால்டின் நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக்: முன்னால் 8 அங்குலம், பின்னால் 7 அங்குலம். ஸ்பிட்ஃபயருக்கோ முதல் நாளிலிருந்தே முன் சக்கரங்களில் 9 அங்குல டிஸ்க். ஜிடி6-க்கு 9.7 அங்குலம். மாட்டியிருக்கும் சஸ்பென்ஷன் அடிப்படையில் ஒன்றே.

ட்ரம் ஏன் மலையில் கைவிடுகிறது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆட்களோடும் பையோடும் ஹெரால்டு சுமார் 1,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு உயர வித்தியாசம் தோராயமாக 1,000 மீட்டர். இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் 98 லட்சம் ஜூல். அதே கார் சமதரையில் 60 கி.மீ. வேகத்தில் போய் நிற்க வெளியேற்றும் ஆற்றல் சுமார் 1.4 லட்சம் ஜூல். அதாவது இந்த ஒரு இறக்கம், 60-இல் போய் 70 தடவை பிரேக் அடித்து நிறுத்துவதற்குச் சமம். இன்னொரு விதமாகச் சொன்னால், ஒன்றரை கேன் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு. இதில் ஒரு பங்கை இன்ஜினும் எதிர்க்காற்றும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்கப் பிரேக் தலையில்.

ட்ரம் என்பது மூடிய பாத்திரம். ஷூ உள்ளே உரசுகிறது, சூடு வெளியே வர நேரமாகிறது. சூடேறினால் ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, பெடல் கீழே இறங்குகிறது. லைனரின் பிடிப்பும் குறைகிறது. டிஸ்க் திறந்த தட்டு, காற்று படும். சூட்டில் அது விரிந்தாலும் பேடை நோக்கித்தான் வரும், விலகாது. 1953-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் ஜெயித்ததற்கு டிஸ்க் பிரேக் ஒரு பெரிய காரணம். அதற்குப் பிறகு பந்தயக் கார்களில் ட்ரம்முக்கு மெல்ல மெல்ல வேலை இல்லாமல் போனது.

மூன்றாவது எதிரி பிரேக் ஆயில். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140. டாட் 4-க்கு 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. பெடலை மிதித்தால் குமிழிதான் நசுங்கும், கார் நிற்காது. ஷெட்டில் பல வருஷம் நின்ற காரில் எத்தனை வருஷத்து ஆயில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டிஸ்க் பற்றி யோசிக்கும் முன் இதை மாற்றுங்கள். வேறு எதற்கும் காசு இல்லாவிட்டாலும் இதற்கு இருக்கும்.

மாருதி பாகமா, ஸ்பிட்ஃபயர் பாகமா?

வேறு காரின் பாகத்தைக் கடன் வாங்குவது ஒன்றும் தப்பான வேலை இல்லை. கோயம்புத்தூரின் எஸ்.கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். வெளிநாடுகளில் டிரையம்ஃப் டிஆர்6 வைத்திருப்பவர்கள் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்-அப் வண்டியின் நான்கு பிஸ்டன் காலிபரை மாட்டுவது ரொம்பப் பிரபலமான மாற்றம்.

ஹெரால்டில் மாருதி பாகம் என்றால் முதல் முட்டுக்கட்டை வீல் போல்ட். ஹெரால்டுக்கு நான்கு போல்ட், 95.25 மி.மீ. வட்டம். மாருதி 800-க்கும் நான்கு போல்ட்தான், ஆனால் 114.3 மி.மீ. வட்டம். எனவே ஹப்பில் புதிதாக ஓட்டை போட வேண்டும், இல்லை டிஸ்க்கையே கடைசல் பிடிக்க வேண்டும். அடுத்து, காலிபரைப் பிடித்து நிறுத்த லேத் பட்டறையில் ஒரு பிராக்கெட் வெட்டுவார்கள். அந்த இரும்புத் துண்டு எவ்வளவு தாங்க வேண்டும் தெரியுமா? நல்ல தார்ச் சாலையில் பலமாகப் பிரேக் அடித்தால் ஒரு முன் சக்கரத்தின் காலிபரை இழுக்கும் விசை கிட்டத்தட்ட 700 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு வளைவிலும். கண் அளவில் வெட்டி, வெல்டு வைத்த பிராக்கெட்டை நம்பி 20 வளைவு இறங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்டப் ஆக்ஸில் மீது வெல்டிங் வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்தப் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஸ்பிட்ஃபயர் வழி வேறு. ஹப், டிஸ்க், காலிபர், காலிபர் பிராக்கெட் எல்லாம் ஒரே செட்டாக, அதே சஸ்பென்ஷனுக்காகவே வார்க்கப்பட்டவை. வெட்டு, ஒட்டு இல்லை. இங்கிலாந்தில் இந்தப் பாகங்கள் இன்றும் புதிதாகவே விற்பனைக்கு உண்டு. இறக்குமதி வரியோடு சேர்த்தால் மாருதி பாகத்தைவிடச் செலவு அதிகம்தான். இதில் உண்மையில் நமக்குக் கிடைப்பது டிஸ்க் மட்டும் அல்ல. முன்னால் 9 அங்குல டிஸ்க், பின்னால் 7 அங்குல ட்ரம் என்ற ஜோடியை ஒரு தொழிற்சாலை சோதித்து, அளந்து, பல்லாயிரம் கார்களில் விற்றிருக்கிறது. அந்தச் சோதனையையும் சேர்த்தே வாங்குகிறோம். பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாயும், பின் சக்கரம் லேசாகும். பின் பிரேக் தேவைக்கு மேல் பிடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழலும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள இந்தப் பங்கீட்டைப் பட்டறையில் ஊகித்து அமைப்பது கஷ்டம்.

இங்கே ஒரு சின்னத் தகவல். ஸ்பிட்ஃபயருக்கு அந்தக் காலத்தில் பிரேக் கொடுத்தது கேர்லிங். அது லூகாஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அதே லூகாஸோடு கைகோத்துத்தான் 1962-இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. ஆக, அந்தப் பிரேக்கின் தொழில்நுட்பம் நம்ம ஊருக்குப் புதிது இல்லை.

டிஸ்க் மாட்டினால் மட்டும் போதாது

பலரும் சறுக்குவது மாஸ்டர் சிலிண்டரில். ட்ரம்மின் வீல் சிலிண்டரைவிடக் காலிபர் பிஸ்டன் பெரியது, அதிக ஆயில் கேட்கும். பழைய மாஸ்டர் சிலிண்டரே இருந்தால் பெடல் ரொம்ப ஆழம் போகும். சரி, பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால்? 5/8 அங்குலத்துக்குப் பதில் 3/4 அங்குலம் போட்டால் ஒரு மிதிக்கு 44 சதவீதம் அதிக ஆயில் போகும். ஆனால் அதே கால் பலத்துக்கு அழுத்தம் 31 சதவீதம் குறையும். பெடல் கல் மாதிரி ஆகும். அதோடு, ட்ரம் ஷூ சுழலும் ட்ரம்மோடு தானே இழுபட்டு இன்னும் இறுகும் குணம் உடையது. டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது. அதனால்தான் டிஸ்க் மாற்றத்தோடு வேக்கம் பூஸ்டரும் சேர்ந்து வருகிறது.

இன்னொன்று, ட்ரம் பிரேக் லைனில் லேசான அழுத்தத்தைத் தக்கவைக்க ஒரு வால்வு இருக்கலாம். அதை அப்படியே விட்டு டிஸ்க் மாட்டினால் பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். மலை ஏறும்போதே டிஸ்க் சூடாகிவிட்டால் இறங்கும்போது என்ன மிச்சம் இருக்கும்?

என்னைக் கேட்டால், டிஸ்க்கைவிட முதலில் பணம் போட வேண்டிய இடம் இரட்டைச் சர்க்யூட். அந்தக் கால ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கும் போச்சு. டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் போட்டு முன்னையும் பின்னையும் பிரித்துவிட்டால் ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். பார்க்க ஒன்றும் தெரியாது, இன்ஸ்டாகிராமில் போட முடியாது. அதனாலேயே யாரும் செய்வதில்லை.

பழைய ட்ரம்மைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: அந்தக் கால லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, முகக்கவசம் போட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதிசெய்தது. 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி 50 வருஷம் தாண்டிய கார் 'வி.ஏ.' எழுத்துகள் உள்ள பதிவு எண் பெறலாம். ஆனால் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஆபீஸ் போய்வரப் பயன்படுத்தவும் முடியாது.

பிரேக் என்ற சொல் அந்த மூன்றில் இல்லை. அதற்காக இஷ்டத்துக்குச் செய்யலாம் என்று அர்த்தமாகாது. மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பில்களைப் பத்திரப்படுத்துங்கள். கழற்றிய ட்ரம், ஷூ, பேக் பிளேட் எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஸ்பிட்ஃபயர் பாகங்களின் இன்னொரு சௌகரியம் இதுதான்: நாளைக்கே பழையபடி மாட்டிவிடலாம். ஓட்டை போட்ட ஹப்பை அப்படித் திருப்ப முடியாது.

டிஸ்க் சரிசெய்யாத ஒன்று

ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸில் வகை. வளைவின் நடுவில் சட்டென ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிரேக் அடித்தால் காரின் பின்பக்கம் தூக்கும், சக்கரம் உள்பக்கமாக மடங்கும், பின்பக்கம் வழுக்கிப் போகும். முன்னால் எவ்வளவு நல்ல டிஸ்க் போட்டாலும் இந்தக் குணம் மாறாது. நல்ல பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில் வளைவுக்குள் போன பிறகு மிதிப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடத்தான் செய்கிறது. வேகத்தை நேர்ச் சாலையிலேயே குறைத்துவிட்டுப் பிறகு திருப்ப வேண்டும். மலை டிரைவர்கள் சொல்லும் "ஏறின கியர்லயே இறங்கு" என்பது டிஸ்க் வந்த பிறகும் மாறவில்லை. இரண்டாவது கியரில் இன்ஜின் இழுத்துப் பிடிக்க, பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். காலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு இறங்காதீர்கள்.

மாற்றி முடித்ததும் நேராக ஏற்காட்டுக்குப் போக வேண்டாம். காலியான சமதரைச் சாலையில் 30, பிறகு 50 கி.மீ. வேகத்தில் மெதுவாக நிறுத்திப் புதுப் பேடைப் பழக்குங்கள். நடுநடுவே ஆற விடுங்கள். கார் ஒருபக்கம் இழுக்கிறதா, ஹோஸில் கசிவு உண்டா, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் ஹோஸ் டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு காலிபர் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். முதல் தடவை மலை இறங்கும்போது பாதியில் ஒரு இடத்தில் ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் நில்லுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், தட்டு கோணிவிடும். தானாக ஆறட்டும்.