ஓடிபி எத்தனை கைகள் கடந்து வருகிறது?

ஒரு செயலியில் செல்பேசி எண்ணைக் கொடுத்து பட்டனை அழுத்தினால் சில நொடிகளில் ஓடிபி வந்துவிடுகிறது. வங்கியோ மருத்துவமனையோ அதை நேராக அனுப்பியதாகவே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல. செயலி முதலில் ஒரு கிளவுட் குறுஞ்செய்திச் சேவையிடம் எண்ணையும் வாசகத்தையும் ஒப்படைக்கிறது. அமெரிக்காவின் ட்விலியோ, நம் நாட்டின் எம்எஸ்ஜி91 போன்றவை இந்தத் தொழிலில் இருப்பவை. அங்கிருந்து அது ஜியோ, ஏர்டெல் போன்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குப் போகும். நடுவில் இன்னொரு இடைநிலை நிறுவனமும் இருக்கலாம். எஸ்எம்எஸ் என்பது அஞ்சல் அட்டை மாதிரி. கைமாறும் இடத்திலெல்லாம் படிக்கலாம்.

படித்தும் இருக்கிறார்கள். 2018 நவம்பரில், கலிபோர்னியாவைச் சேர்ந்த வோக்ஸாக்ஸ் என்ற குறுஞ்செய்தி நிறுவனத்தின் தரவுத்தளம் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடப்பது வெளியே வந்தது. அதில் குறைந்தது 2 கோடியே 60 லட்சம் குறுஞ்செய்திகள். ஓடிபிகளும், கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்புகளும் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தன.

2022 ஆகஸ்டில் அடி வாங்கியது ட்விலியோவே. உலகெங்கும் நிறுவனங்களுக்காகக் குறுஞ்செய்தி அனுப்பிக் கொடுக்கும் அந்த நிறுவனத்தின் ஊழியர்களை மோசடிக்காரர்கள் ஏமாற்றியதும் குறுஞ்செய்தியால்தான். 'உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது' என்று வந்த இணைப்பைச் சிலர் நம்பித் திறந்தார்கள். திருடிய விவரங்களோடு உள்ளே போனவர்கள் வாடிக்கையாளர் நிறுவனங்களின் தரவைத் தொட்டார்கள். அவற்றில் ஒன்று சிக்னல் என்ற செய்திச் செயலி. அதன் பயனர்களில் சுமார் 1,900 பேரின் எண்களோ சரிபார்ப்புக் குறியீடுகளோ வெளியே போயிருக்கலாம் என்று சிக்னலே அறிவித்தது. ஒருவருடைய கணக்கு வேறொருவர் கைபேசியில் பதிவும் ஆகிவிட்டது. அந்தப் பயனர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ட்விலியோ என்ற பெயரைக்கூட பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

எப்போதும் பழியைச் சேவை நிறுவனத்தின் மேல் போட்டுவிட முடியாது. 2017இல் ஆப்தாரிட்டி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சுமார் 700 செயலிகளில் ஒரு விபரீதத்தைக் கண்டது. ட்விலியோ கணக்கைத் திறக்கும் ரகசியச் சாவியை நிரலாளர்கள் செயலிக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். செயலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் அந்தச் சாவியால் செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் எட்டலாம். சாவி சர்வரில் இருக்க வேண்டும், பயனரின் கைபேசியில் அல்ல. இது முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம். அவசரத்தில் முதலில் மறந்துபோவதும் இதுதான்.

சிறு கிளினிக், டியூஷன் சென்டர், ஆன்லைன் கடை நடத்துபவர்களுக்கு இன்னொரு ஆபத்து பணத்தில் வரும். ஓடிபி கேட்கும் பக்கத்தில் ரோபோ நிரல்கள் ஆயிரக்கணக்கான எண்களை நிரப்பித் தள்ளும். அவை அதிகக் கட்டணம் வாங்கும் வெளிநாட்டு எண்கள். அந்தக் கட்டணத்தில் மோசடிக்காரருக்குப் பங்கு உண்டு. இப்படி ட்விட்டர் ஆண்டுக்கு 6 கோடி டாலர் இழந்ததாக எலான் மஸ்க் சொன்னார். ஒரு எண்ணுக்கு, ஒரு இணைய முகவரிக்கு இத்தனை முறைதான் ஓடிபி என்று வரம்பு வைப்பதும், வியாபாரம் இல்லாத நாடுகளை அடைத்துவிடுவதும், தினசரிச் செலவுக்கு உச்சவரம்பு போடுவதும் செலவில்லாத வேலைகள். பில் வந்த பிறகு செய்தால் பயனில்லை.

இந்தியாவில் இந்தச் சங்கிலிக்குக் கடிவாளம் போடுவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறை. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் டிஎல்டி என்ற பதிவேட்டில் தன் பெயரையும், ஹெடர் எனப்படும் அனுப்புநர் அடையாளத்தையும், அனுப்பப்போகும் வாசகத்தின் மாதிரியையும் பதிய வேண்டும். பொருந்தாத செய்தி வழியிலேயே நின்றுவிடும். 2021 மார்ச் 8 அன்று இதைக் கறாராக அமல்படுத்தியபோது, பல நிறுவனங்கள் மாதிரியைப் பதியாததால் வங்கி ஓடிபிகளே முடங்கின. டிராய் ஒரு வாரம் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. 2024 அக்டோபர் முதல், முன்கூட்டியே பதிவு செய்யாத இணைப்புகள் உள்ள செய்திகளும் தடுக்கப்படுகின்றன.

2025 மே முதல் வாசகருக்கு நேரடியாக உதவும் ஒன்று சேர்ந்திருக்கிறது. ஹெடரின் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். பி (P) என்றால் விளம்பரம், எஸ் (S) என்றால் சேவை, டி (T) என்றால் பரிவர்த்தனை, ஜி (G) என்றால் அரசு. 'உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்' என்ற செய்தி சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், போலிதான். ஹெடர் யாருடையது என்பதை டிராய் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். ஆனால் ஹெடர் சரியாக இருப்பதாலேயே உள்ளிருக்கும் இணைப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது.

கேட்காத விளம்பரம் வந்தால் ஏழு நாள்களுக்குள் 1909க்கோ டிராயின் டிஎன்டி (தொந்தரவு வேண்டாம்) செயலியிலோ புகார் செய்யலாம். டிஎல்டியில் பதியாதவர் அனுப்பிய விளம்பரம் என்றால், டிஎன்டியில் பதிவு செய்யாதவருக்கும் இப்போது இந்த உரிமை உண்டு. பணம் இன்னும் போகவில்லை, ஆனால் செய்தி மோசடி என்று தெரிகிறது என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் தெரிவிக்க வேண்டும்.

பணம் போய்விட்டால் கணக்கே வேறு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, தவறு வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் இடையில் எங்கோ நடந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு எதுவும் இல்லை. ஓடிபியைத் தானே யாருக்காவது சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போன பணம் அவர் பொறுப்பு. புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே ஓடிபியைச் சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டு ஒளித்து வைப்பவர் மேலும் இழக்கிறார்.

பணம் போனது தெரிந்த உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைத்து, வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வந்த குறுஞ்செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள். அது வந்த வழியைத் தேட அந்த ஹெடரும் நேரமும் வேண்டும்.